ஃபிளாப்பி மாவிகா முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

இந்தக் குறிப்பு சோனியின் ஃபிளாப்பி மாவிகா கேமராக்களுக்கு மட்டும். 1997-இல் வந்த எஃப்டி5, எஃப்டி7 தொடங்கி 2002-இல் வந்த எஃப்டி100, எஃப்டி200 வரை, மூன்றரை அங்குல 1.44 எம்பி ஃபிளாப்பியில் படம் பதியும் மாடல்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 1981-இல் சோனி காட்டிய முதல் மாவிகாவும் அதன் வழியில் 80களின் கடைசியில் கடைக்கு வந்த கேமராக்களும் வேறு சாதி. அவற்றில் இரண்டு அங்குல வீடியோ ஃபிளாப்பி. படம் அனலாக் சிக்னலாகப் பதியும். கையில் இருப்பது அதுவென்றால் இங்கே உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

என்னிடம் வரும் மாவிகாக்கள் பெரும்பாலும் "டிரைவ் போயிடுச்சு" என்ற தீர்ப்போடுதான் வருகின்றன. பார்த்தால் டிஸ்க் கெட்டிருக்கும், இல்லையென்றால் பேட்டரி படுத்திருக்கும். ஆகவே எந்த அறிகுறியானாலும் சந்தேகப்பட வேண்டிய வரிசை ஒன்றுதான்: டிஸ்க், பேட்டரி, ஹெட்டில் (டிஸ்க்கைத் தொட்டுப் படித்து எழுதும் முனையில்) அழுக்கு, டிரைவ், கடைசியில் போர்டு. செலவும் இதே வரிசையில்தான் ஏறுகிறது. ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைப்பதற்கு முன்பே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

## தொடங்கும் முன்

மூன்று டிஸ்க்குகளைத் தனியாக எடுத்து வையுங்கள்.

முதலாவது, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று. அதைக் கணினியில் ஃபார்மேட் செய்யுங்கள். 'குவிக் ஃபார்மேட்' என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். முடிந்ததும் மீதி இடம் 14,57,664 பைட்டுகள் என்று காட்டினால் அது முழு டிஸ்க். குறைவாகக் காட்டினால் எங்கோ கெட்ட செக்டர், அதாவது பயன்படாத ஒரு சிறு துண்டு, இருக்கிறது. வேறு டிஸ்க் எடுங்கள்.

இரண்டாவது, போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒன்று. பலி டிஸ்க் என்று லேபிளிலேயே எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவது, ஃபிளாப்பி டிரைவ் கிளீனிங் டிஸ்க். துணி போன்ற வட்டில் சில சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுப் பயன்படுத்தும் ஈர வகையையே வாங்குங்கள். உலர்ந்த வகை உரசி உரசி ஹெட்டையே தேய்க்கும்.

இவற்றோடு யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்றும் மல்டிமீட்டர் ஒன்றும் போதும்.

ஒரு கட்டுப்பாடு. புதிதாகக் கைக்கு வந்த கேமராவில் பழைய படங்கள் உள்ள டிஸ்க்கை முதல் ஆளாக நுழைக்காதீர்கள். பெட்டியோடு வந்த பழைய டிஸ்க்கை, நன்றாக ஓடும் கேமராவிலும் போடாதீர்கள். பூஞ்சை பிடித்த ஒரு டிஸ்க் ஹெட்டை அழுக்காக்கும். அழுக்கான ஹெட் அடுத்த நல்ல டிஸ்க்கைக் கீறும். அந்தக் கீறலில் உதிரும் தூள் மறுபடி ஹெட்டிலேயே ஒட்டும். ஒரே மாலையில் ஒரு பெட்டி டிஸ்க்கும் காலியாவது இப்படித்தான். முதலில் பலி டிஸ்க்தான் உள்ளே போக வேண்டும்.

## அறிகுறி: பவரே வரவில்லை

பேட்டரியில் தொடங்குங்கள். இந்தக் கேமராக்களில் பலவும் என்பி-எஃப் வரிசை பேட்டரியில் ஓடுபவை. எந்த வகை என்பது பேட்டரி அறையிலோ அடிப்புறத்திலோ அச்சிட்டிருக்கும். கேமராவோடு வந்த 90களின் பேட்டரி உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழு சார்ஜ் ஏற்றி, கால் மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரில் பாருங்கள். 8.4 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால் சரி. 7 வோல்ட்டைத் தொடவே திணறினால் அது குப்பைக்கு. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜரில் மாட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

நல்ல செய்தி, இதே வரிசைப் பேட்டரியை இன்றும் வீடியோ எல்இடி விளக்குகளுக்காகத் தயாரிக்கிறார்கள். என்பி-எஃப்550, 570 அளவுதான் வேண்டும். 750, 970 எல்லாம் தடிமன் கூட. கேமராவின் மூடிய அறைக்குள் நுழையாது.

பேட்டரி நன்றாக இருந்தும் பவர் வரவில்லையா? பேட்டரி அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இணைப்புத் தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் ஐசோபுரோப்பைல் நனைத்த பட்ஸால் துடையுங்கள். அப்புறம் பேட்டரி அறையின் மூடி. அது முழுதாக அழுந்தாவிட்டாலும் கேமரா எழாது. அங்கே ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். பலர் கையில் அது ஒடிந்திருக்கிறது.

அடாப்டரிலும் வரவில்லையா? இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். உள் ஃப்யூஸோ பவர் போர்டோ போயிருக்கலாம். கேம்கார்டர் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டிய இடம் இது.

### கிளை: ஆன் ஆகிறது, டிரைவ் உறுமியதும் அணைந்துவிடுகிறது

பேட்டரிதான். திரையில் '60 நிமிடம்' என்று காட்டினாலும் நம்பாதீர்கள். தேய்ந்த செல், சும்மா இருக்கும்போது நன்றாகவே வோல்ட் காட்டும். டிரைவின் மோட்டார் ஒரு இழுப்பு இழுத்ததும் குப்புற விழும். அடாப்டரில் போட்டுப் பாருங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் பேட்டரியை மாற்றுங்கள், கதை முடிந்தது. அடாப்டரிலும் அதே இடத்தில் அணைந்தால் டிரைவின் மோட்டாரோ ஹெட்டை நகர்த்தும் தண்டோ இறுகியிருக்கிறது. கீழே 'டிரைவ் எர்ரர்' பகுதிக்குப் போங்கள்.

### கிளை: இன்ஃபோலித்தியம் பேட்டரி மட்டும் போடச் சொல்கிறது

இன்ஃபோலித்தியம் என்பது கேமராவோடு பேசும் சிப் உள்ள சோனி பேட்டரி. வெளிக் கம்பெனி பேட்டரி சிலவற்றில் அந்தச் சிப் இருக்காது. அந்தப் பேட்டரி விளக்குக்கு ஓடும், மாவிகாவுக்கு ஓடாது. இரண்டு பெரிய முனைகளைத் தவிர நடுவில் தகவலுக்கென்று ஒரு சின்ன முனையும் உண்டு. அது அழுக்காக இருந்தாலும் இதே செய்தி வரும். துடைத்தும் போகவில்லையென்றால் இன்ஃபோ சிப் உள்ளது என்று தெளிவாகச் சொல்லி விற்கும் பேட்டரிக்கு மாறுங்கள்.

## அறிகுறி: ஆன் செய்யும்போதெல்லாம் தேதி கேட்கிறது

இது பழுதே இல்லை. உள்ளே கடிகாரத்துக்கென ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. சார்ஜ் ஏறும் வகைதான். கேமராவை அரை வருடம் தொடாமல் வைத்தாலே அது வடிந்துவிடும். நல்ல பேட்டரியைப் போட்டோ அடாப்டரில் மாட்டியோ, சுவிட்சை ஆஃப் நிலையில் வைத்து 24 மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். பிறகும் தேதி நிற்கவில்லையென்றால் அந்தப் பொத்தான் பேட்டரி செத்துவிட்டது. அதை மாற்றக் கேமராவைப் பிரிக்க வேண்டும். தேதிக்காக மட்டும் பிரிக்காதீர்கள். வேறு வேலைக்குத் திறக்கும் நாளில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி: 'டிஸ்க் எர்ரர்'

அதிகம் வருவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். செய்தி டிஸ்க்கைக் குறை சொல்கிறது. முதலில் அது சொல்வதை நம்புங்கள்.

முதல் சோதனை, கண்ணால். ஃபிளாப்பியின் உலோகக் கதவை விரலால் ஒதுக்குங்கள். பின்புறம் நடுவில் உள்ள உலோக வட்டைச் சுழற்றிக்கொண்டே, உள்ளே தெரியும் கரும்பழுப்புப் பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது, சாய்த்தால்தான் பிடிபடும். மெல்லிய வட்டக் கோடு ஓடினால் ஹெட் கீறியிருக்கிறது. வெளுத்த திட்டுகளோ, நுண்ணிய கிளைகளாகப் பரவிய படலமோ இருந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் அலமாரிக்குள் கிடந்த டிஸ்க்குகளில் இதைச் சகஜமாகப் பார்க்கலாம். இரண்டில் எது இருந்தாலும் அந்த டிஸ்க்கைக் கேமராவில் போடக் கூடாது. அதில் படம் இருக்கிறதென்றால் தூக்கி எறியாமல் தனியே எடுத்து வையுங்கள். மீட்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது, படம் எதுவும் இல்லாத டிஸ்க்தான் என்றால்: கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஆப்பிள் மேக் கணினிக்கு ஃபார்மேட் செய்து விற்ற டிஸ்க்காக இருக்கலாம். யாராவது காந்தத்தால் அழித்து விற்றதாகவும் இருக்கலாம். பின்னால் வந்த மாடல்களில் இதற்கு 'சி:13' என்று தொடங்கும் குறியீடு வரும். அதன் பொருள் ஃபார்மேட் இல்லாத டிஸ்க், அவ்வளவுதான்.

ஃபார்மேட் பாதியில் நிற்கிறதா? டிஸ்க்கின் மூலைகளைப் பாருங்கள். இரண்டு கீழ் மூலைகளிலும் சதுரத் துளை இருந்தால்தான் அது 1.44 எம்பி வகை. ஒன்றில் மட்டும் இருந்தால் 720 கேபி பழைய வகை, மாவிகாவுக்கு ஆகாது. இரண்டில் ஒன்று, எழுதவிடாமல் தடுக்கும் பூட்டுத் துளை. அதன் நகரும் பொத்தான் திறந்து கிடந்தால் 'டிஸ்க் ப்ரொடெக்ட்' என்று வரும். துளை மூடும்படி பொத்தானைத் தள்ளினால் சரி.

இரண்டும் ஒழுங்காக இருந்தும் ஃபார்மேட் ஆகவில்லையென்றால், உறுதியாக நல்லது என்று எடுத்து வைத்த முதல் டிஸ்க்கின் முறை. பலி டிஸ்க் கீறல் இல்லாமல் வெளியே வந்த பிறகுதான் இதை நுழைக்க வேண்டும். நல்ல டிஸ்க் ஓடினால் குற்றம் பழைய டிஸ்க்குடையது. ஓடாவிட்டால் கிளீனிங் டிஸ்க்கைப் போட்டு ஆன் செய்யுங்கள். அது சில நொடிகள் சுழலும், கேமரா பிழை காட்டும். காட்டட்டும், துடைப்பு நடந்துவிட்டது. எடுத்துவிட்டு, ஆல்கஹால் ஆவியாகப் பத்து நிமிடம் கொடுத்து, மறுபடி பலி டிஸ்க்.

கிளீனிங் டிஸ்க்கை இரண்டு மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து ஓட்டிப் பயனில்லை. அத்தனை தடவையில் போகாத அழுக்கு அதனால் போகாது.

புது டிஸ்க் வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோனி ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையை 2011 மார்ச்சில் நிறுத்தியது. சீல் பிரிக்காத பெட்டி என்பதால் டிஸ்க் புதிதாகிவிடாது, எல்லாமே வயதானவைதான். கடைசிக் காலத்து மலிவு டிஸ்க்குகளைவிட 90களின் நடுவில் வந்த நல்ல பிராண்டு டிஸ்க்குகள், ஏற்கெனவே பயன்படுத்தியவையாக இருந்தாலும், எனக்கு நம்பிக்கையாக உழைக்கின்றன. வாங்கியதும் எல்லாவற்றையும் முழு ஃபார்மேட் செய்து பிரித்துவிடுங்கள்.

## அறிகுறி: 'டிரைவ் எர்ரர்', அல்லது 'சி:32'

இந்தச் செய்தி டிரைவையே குறை சொல்கிறது. ஆனாலும் முதல் வேலை ஆஃப் செய்து, பேட்டரியைக் கழற்றி, டிஸ்க்கை வெளியே எடுத்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஆன் செய்வதுதான். ஒரே ஒரு தடவை வந்து போனதென்றால் பேட்டரி இறங்கிய நேரமாக இருந்திருக்கும்.

திரும்பத் திரும்ப வந்தால் காதை டிரைவின் பக்கம் வைத்துக் கேளுங்கள். இங்கே காது சொல்வதைக் கண் சொல்லாது.

சுழலும் சத்தமே இல்லை. டிஸ்க் கடைசிவரை இறங்கி உட்காரவில்லை, அல்லது டிஸ்க் உள்ளே இருப்பதை அறியும் சின்ன சுவிட்ச் அழுந்தவில்லை. டிஸ்க்கை எடுத்து, கிளிக் கேட்கும்வரை மறுபடி செருகுங்கள். லேபிள் ஒரு மூலையில் கிளம்பியிருந்தால் அதுவே போதும் தகராறுக்கு.

சுழல்கிறது, 'டக் டக் டக்' என்று ஒரே இடத்தில் அடித்துக்கொள்கிறது. ஹெட் நகர வேண்டிய இடத்துக்கு நகரவில்லை. இந்த டிரைவில் ஹெட், திருகு போட்ட ஒரு மெல்லிய தண்டின் மேல் முன்னும் பின்னும் ஊர்கிறது. அந்தத் தண்டில் போட்ட கிரீஸ் இத்தனை வருடத்தில் மெழுகாக இறுகியிருக்கும். காலைக் குளிரில் தகராறு, மத்தியானம் சூடேறிய பிறகு சரி என்றால் கிட்டத்தட்ட உறுதி. தற்காலிகமாக, டிஸ்க் இல்லாமல் பத்துப் பதினைந்து தடவை ஆன், ஆஃப் செய்யுங்கள். ஹெட் ஒவ்வொரு தடவையும் தொடக்க இடத்துக்குப் போக முயலும். தண்டு கொஞ்சம் இளகும். நிரந்தரத் தீர்வு, பிரித்துப் பழைய கிரீஸைத் துடைத்து, பிளாஸ்டிக்கை அரிக்காத புது கிரீஸைத் துளி அளவு வைப்பது.

சுழல்கிறது, கீச்சென்று உரசுகிறது. உடனே ஆஃப். டிஸ்க்கை எடுத்துக் கதவை ஒதுக்கிப் பாருங்கள். புதுக் கீறல் விழுந்திருந்தால் ஹெட்டில் ஏதோ கடினமாக ஒட்டியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் எந்த டிஸ்க்கும் உள்ளே போகக் கூடாது.

ஹெட்டைக் கையால் சுத்தம் செய்வது உங்களால் முடியாததல்ல, ஆனால் ஓர் ஆபத்து உண்டு. மேல் ஹெட் தாளைப் போன்ற மெல்லிய உலோகத் தகட்டில் தொங்குகிறது. கதவு வழியே பட்ஸை நுழைத்து அதைத் தூக்கினால் தகடு வளையும். வளைந்துவிட்டால் எந்தச் சுத்தமும் பிறகு உதவாது. பஞ்சின் இழை அதன் விளிம்பில் மாட்டிக்கொள்வதும் உண்டு. டிரைவை முழுதாக வெளியே எடுத்துப் பார்க்கத் தெரிந்தவர் செய்யட்டும். சோனி சர்வீஸ் சென்டரில் இப்போது இதற்கு உதிரி பாகத்தை எதிர்பார்க்க வேண்டாம். திரை உடைந்த இன்னொரு மாவிகாவை மலிவாக வாங்கி அதன் டிரைவை மாற்றுவதுதான் நடைமுறை. அதே மாடலாகப் பாருங்கள். டிரைவின் வேகமும் இணைப்பும் மாடலுக்கு மாடல் மாறும்.

## அறிகுறி: கேமராவில் படம் தெரிகிறது, கணினியில் டிஸ்க் திறக்கவில்லை

நிதானம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். ஏனென்றால் விண்டோஸ் "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். கை தானாக 'ஆம்' பக்கம் போகும். 'வேண்டாம்' என்று சொல்லி, டிஸ்க்கை எடுத்து, பூட்டுத் துளை திறந்திருக்கும்படி பொத்தானைத் தள்ளி வையுங்கள். இனி இந்த டிஸ்க்கில் யாரும் எதையும் எழுத முடியாது. சோதனையை அதன் பிறகு தொடங்கலாம்.

கணினி டிரைவ்தான் குற்றவாளியா? கேமராவுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு பழைய டிஸ்க்கை அதில் போடுங்கள். அதுவும் திறக்கவில்லையென்றால் யுஎஸ்பி டிரைவைத் துடையுங்கள் அல்லது மாற்றுங்கள். மலிவான யுஎஸ்பி டிரைவ்கள் கொஞ்சம் தேய்ந்த டிஸ்க்கைக்கூடப் படிக்காமல் கைவிரித்துவிடும். பழைய லேப்டாப்பில் உள்ளேயே பொருத்தியிருக்கும் டிரைவ் கிடைத்தால் அதில் ஒரு தடவை பாருங்கள். பல சமயம் அங்கே திறந்துகொள்ளும்.

இரண்டு மூன்று கணினி டிரைவிலும் திறக்கவில்லை, கேமராவில் மட்டும் திறக்கிறது. அப்படியானால் கேமராவின் ஹெட் இடம் தவறியிருக்கிறது. இந்த ஃபிளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 80 தடங்கள். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 0.19 மில்லிமீட்டர்தான். கேமரா ஒரு தடவை கீழே விழுந்திருந்தால் அந்த அளவு நகர்வது பெரிய விஷயமில்லை. கேமரா தான் கோணலாக எழுதியதைத் தானே கோணலாகப் படித்துக்கொள்ளும். நேராகப் படிக்கும் மற்ற டிரைவ்களுக்குத்தான் அது புரியாது.

உறுதி செய்ய, படம் எதுவுமில்லாத டிஸ்க் ஒன்றைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, அதிலேயே இரண்டு படம் எடுத்து, கணினியில் போடுங்கள். அதன் பிறகு எதிர்த் திசையில்: கணினியில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கைக் கேமரா ஏற்கிறதா? இரண்டு திசையும் அடைபட்டால் சந்தேகமே இல்லை. ஒரே டிஸ்க்கை இரண்டு சோதனைக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டாம். கோணல் ஹெட் எழுதும்போது பழைய எழுத்தின் ஓரம் அழியாமல் மிஞ்சும். இரண்டும் கலந்து விடை குழம்பும்.

இப்போது முக்கியமான விஷயம். ஹெட்டைச் சரிசெய்யக் கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. அந்தக் கோணல் ஹெட்தான் அந்தப் படங்களைப் படிக்கக்கூடிய ஒரே கருவி. அதை நேராக்கிவிட்டால் பழைய டிஸ்க்குகளைக் கேமராவும் படிக்காது. முதலில் படங்களை வெளியே எடுங்கள்:

எஃப்டி92, எஃப்டி97, எஃப்டி100, எஃப்டி200 வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. இவற்றில் மெமரி ஸ்டிக் போடும் இடமும் உண்டு. கேமராவின் மெனுவிலேயே ஃபிளாப்பியிலிருந்து மெமரி ஸ்டிக்குக்கு நகலெடுத்துவிடலாம். 'ப்ரோ' வகை வருவதற்கு முந்தைய பழைய மெமரி ஸ்டிக்தான் இவற்றுக்கு ஆகும்.

மற்ற மாடல்களில் டிஸ்க் நகல் வசதி இருந்தாலும் இந்தப் பிரச்சினைக்குப் பயனில்லை. நகலையும் அதே கோணல் ஹெட்தானே எழுதுகிறது. வீடியோ அவுட் துளை இருந்தால் டிவி கேப்சர் கருவியில் இணைத்துப் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். தரம் குறையும், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு மேல். எஃப்டி7 எடுத்ததே 640க்கு 480 படம்தான் என்பதால் இழப்பு நினைக்கிற அளவு பெரிதாக இருக்காது.

அசல் ஃபைலே வேண்டும், படங்கள் விலைமதிப்பில்லாதவை என்றால் டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் போகும் இடம் இது. போகும்போது டிஸ்க்கோடு கேமராவையும் கொண்டு போங்கள். ஃபிளாப்பி தெரிந்தவர், ஒரு பழைய கணினி டிரைவின் ஹெட்டை உங்கள் கேமராவின் கோணலுக்கு ஒத்துவரும்படி நகர்த்தி வைத்துப் படிப்பார். அதற்குக் கேமரா எழுதிய புது டிஸ்க் ஒன்று மாதிரியாகத் தேவைப்படும்.

### கிளை: டிஸ்க் திறக்கிறது, சில படங்கள் மட்டும் பாதியில் சாம்பல் நிறமாகின்றன

படத்தின் நடுவில் ஒரு செக்டர் கெட்டிருக்கிறது. அதற்குக் கீழே உள்ள பகுதி சாம்பலாகவோ வண்ணம் மாறியோ வரும். கெட்ட டிஸ்க்கிலிருந்து ஃபைல் ஃபைலாக இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் பரப்பை இன்னும் தேய்க்கும். லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைக் கொண்டு டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜ் ஃபைலாக எடுங்கள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, மக்கர் செய்யும் இடங்களுக்கு அது பிறகு திரும்பி வரும். அந்த இமேஜை ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளில் கொடுத்தால் பெயர் அழிந்த படங்களும் கிடைக்கும். அதே டிஸ்க்கை இரண்டாவது டிரைவில் போட்டு, அதே இமேஜின் மேல் தொடரவும் முடியும். ஒரு டிரைவ் தடுக்கும் செக்டரை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.

பூஞ்சை டிஸ்க்குக்கும் இதே வழிதான், ஆனால் பரப்பைத் துடைத்த பிறகு, போனாலும் பரவாயில்லை என்ற டிரைவில். உறையை ஓரத்தில் பிரித்து, வட்டை மட்டும் வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் நனைத்த இழை உதிராத துணியால் மெதுவாக ஒற்றித் துடைத்து, காயவைத்து, வேறொரு சுத்தமான ஃபிளாப்பியின் உறைக்குள் வைக்கிறார்கள். படம் முக்கியமென்றால் இதை முதல் முறையாக அந்த டிஸ்க்கிலேயே பழகாதீர்கள். பலி டிஸ்க் இருப்பது இதற்கும்தான்.

## அறிகுறி: ஒன்றிரண்டு படத்திலேயே 'டிஸ்க் ஃபுல்'

டிரைவில் ஒன்றுமில்லை, மெனுவில் பாருங்கள். படத்தைச் சுருக்காமல் பதியும் பிட்மேப் முறை இருக்கும் மாடலில் அது தேர்வாகியிருந்தால் 640க்கு 480 படம் ஒன்றே 9,21,600 பைட்டுகளை விழுங்கும். இரண்டாவதுக்கு இடமிருக்காது. ஜேபெக்குக்கு மாற்றுங்கள். வீடியோ எடுக்கும் மாடலில் பழைய கிளிப் ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

மெனு சரியாக இருந்தும் இடம் குறைவாகக் காட்டினால் டிஸ்க்கைக் கணினியில் திறந்து பாருங்கள். '.411' என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா போட்டுவைக்கும் சின்ன முன்னோட்டம் அது. ஒன்று 4,608 பைட்டுகள். கணினியில் ஜேபெக்குகளை மட்டும் அழித்தால் இவை அநாதையாக நிற்கும். இவற்றையும் அழியுங்கள். அதைவிட நல்லது, படங்களை எடுத்துக்கொண்ட பிறகு டிஸ்க்கைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிடுவது.

கணினியில் பெயர் மாற்றிய, திருத்திய படத்தை டிஸ்க்கில் திரும்பப் போட்டுக் கேமராவில் பார்க்க முயன்றால் 'ஃபைல் எர்ரர்' வருவதும் இந்த வகைதான். படம் கெடவில்லை, கேமராவுக்குத் தான் எழுதிய வடிவம்தான் புரியும்.

## அறிகுறி: டிஸ்க் வெளியே வர மறுக்கிறது

இழுக்காதீர்கள். உலோகக் கதவு வளைந்து உள்ளே எதிலோ கொக்கி போட்டிருக்கும். பலவந்தமாக இழுத்தால் மேல் ஹெட்டையும் கூட்டிக்கொண்டு வரும். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியும்வரை எழுதிக்கொண்டிருக்கிறது, காத்திருங்கள். அணைந்த பிறகு எஜெக்ட் விசையை முழுதாகத் தள்ளிப் பிடித்தபடி கேமராவைக் கவிழ்த்து, லேசாகத் தட்டுங்கள். வராவிட்டால் விசிட்டிங் கார்டு தடிமனில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை டிஸ்க்கின் மேல்பக்கமாக நுழைத்து, கதவின் கிளம்பிய முனையை அழுத்திக்கொண்டு வெளியே நகர்த்துங்கள். இரண்டு முயற்சிக்கு மேல் வேண்டாம், பிரிப்பவரிடம் கொடுங்கள்.

வெளியே வந்ததும் அந்தக் கதவைப் பிய்த்து எறிந்துவிட்டு, உள்ளிருப்பதை நகலெடுத்து, டிஸ்க்கை ஓய்வு கொடுத்து அனுப்புங்கள்.

## அறிகுறி: திரை இருட்டு

மாவிகாக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண் வைத்துப் பார்க்கும் துளையே கிடையாது. பின்பக்கத் திரை போனால் கேமராவே குருடு. எஃப்டி91, எஃப்டி95, எஃப்டி97 போன்ற பெரிய மாடல்களில் மட்டும் மின்னணு வ்யூஃபைண்டர் தனியாக உண்டு.

இருட்டில் திரையின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்.

எழுத்தும் படமும் மங்கலாகத் தெரிகின்றன. பின்விளக்கு போய்விட்டது. முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று மெனுவைப் பாருங்கள். இல்லையென்றால் விளக்கு, அல்லது அதற்கு உயர் வோல்ட் கொடுக்கும் சின்ன போர்டு. வீடியோ அவுட் இருந்தால் டிவியில் பார்த்துக்கொண்டு படம் எடுக்கலாம்.

மெனு எழுத்து பளிச்சென்று தெரிகிறது, படம் மட்டும் கறுப்பு. லென்ஸ் மூடி, அப்புறம் பிளே முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே பார்சலில் வந்த கேமராக்கள் உண்டு. பழைய படம் பிளே முறையில் நன்றாகத் தெரிந்து, புதுப் படம் மட்டும் கறுப்பாகவே பதிந்தால் சிசிடியோ (படத்தைப் பிடிக்கும் சென்சார்) அதன் கேபிளோ. அதே மாடலில் இன்னொரு கேமரா வாங்குவது அதைச் சரிசெய்வதைவிட மலிவு.

எதுவுமே தெரியவில்லை, ஆனால் எடுத்த படம் கணினியில் ஒழுங்காக இருக்கிறது. திரைக்குப் போகும் ரிப்பன் கேபிள் நழுவியிருக்கும். பழகிய கைக்குச் சின்ன வேலை. உங்கள் கை பழகாததென்றால் இதற்காகத் திறக்க வேண்டாம். உள்ளே ஃப்ளாஷ் கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவில் மின்சாரம் தேக்கி வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது நெடுநேரம் அங்கேயே இருக்கும். கேம்கார்டரும் ஃபிலிம் கேமராவும் பழுது பார்த்தவர்களுக்கு அதை வடிக்கத் தெரியும். அவர்களிடம் கொடுக்கும்போது டிஸ்க்கை உள்ளே வைத்துக் கொடுக்காதீர்கள். நீங்கள் செய்த சோதனைகளை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்: எந்த டிஸ்க், எந்தப் பேட்டரி, திரையில் எந்தச் செய்தி, டிரைவில் என்ன சத்தம்.